பணம் கட்டியாச்சு, சர்வர் எங்கே? எந்தக் கட்டில் நிற்கிறது என்று பார்க்கும் வழி

நான் இருப்பது காரைக்குடி, தொழில் வெப் ஹோஸ்டிங்: மற்றவர்களின் சைட்டுகளை சர்வரில் வைத்து ஓட்டித்தருவது. நான் ஓட்டுகிற சர்வர்கள் கிடப்பது மும்பையிலும் ஜெர்மனியிலும். வாடிக்கையாளர்கள் எல்லாம் சுற்றுவட்டாரம்தான்: ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறவர், கானாடுகாத்தானில் பூர்வீக வீட்டை ஹோட்டலாக்கியவர், கண்டாங்கிச் சேலையை இணையத்தில் விற்கிற ஆச்சி, தேன்குழலும் சீப்புச்சீடையும் பார்சல் அனுப்புகிற பலகாரக் கடை. பில்லிங்குக்கு டபிள்யூஹெச்எம்சிஎஸ், சின்ன சைட்டுகளுக்கு சிபேனல், தனி சர்வர் கேட்கிறவர்களுக்கு பிராக்ஸ்மாக்ஸில் கேவிஎம் (ஒரே இயந்திரத்தைப் பல மெய்நிகர் சர்வர்களாகப் பிரித்துக் கொடுப்பது) என்று வைத்திருக்கிறேன். சர்வரை பிரவுசரிலிருந்தே நிர்வகிக்கிற இந்த மாதிரிப் பக்கத்தைத்தான் பேனல் என்கிறேன். நீங்கள் வேறு பேனல் வைத்திருந்தாலும் நோய்கள் ஏறக்குறைய இவைதான்.

இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி அடுத்த தெருவில் திறக்கிற பின்கதவு வரை நேர்கோட்டில் தெரியும். ஹோஸ்டிங்கும் கட்டுக்கட்டாகத்தான் போகிறது. பணம் வாங்குவது, பில்லிங், பேனலோடு பேசுகிற மாட்யூல், மெய்நிகர் சர்வர்களைத் தாங்குகிற ஹைப்பர்வைசர், உள்ளே ஓடுகிற சர்வர், கடைசியில் நெட்வொர்க். என்ன, எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். பழுது இரண்டாம் கட்டில் இருக்க, ஆள் முகப்பில் நின்று கத்திக்கொண்டிருப்பார். அதனால் எதையும் ரீஸ்டார்ட் பண்ணும் முன்னால் எந்தக் கதவு வரை போய் நின்றது என்று பாருங்கள். கட்டளைகளைப் போனில் தம்பிகளுக்குச் சொல்கிற மாதிரி ஒலியாகவே எழுதியிருக்கிறேன், தட்டும்போது நீங்களே சரியாகத் தட்டிக்கொள்வீர்கள்.

"நேத்தே பணம் போட்டுட்டேன் தம்பி, சர்வர் வரலையே?"

அவருடைய இன்வாய்ஸைத் திறங்கள். 'பெய்டு' என்று இல்லையா, சர்வர் பக்கம் போகவே வேண்டாம். பேரேட்டில் வரவு வைக்காமல் கணக்கப்பிள்ளை சரக்கை வெளியே விடமாட்டார், பில்லிங் சாஃப்ட்வேரும் அந்த ஜாதிதான். கேட்வே லாகைப் பாருங்கள். பணம் வாங்கிய கேட்வே நம் பில்லிங்குக்குத் திருப்பிச் சொல்கிற கால்பேக் வந்து விழுந்திருக்கிறதா? ஒரு வரிகூட இல்லையென்றால் நம் ஃபயர்வாலோ முன்னால் நிறுத்தியிருக்கிற கிளவுட்ஃப்ளேர் விதியோ அதை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். வரி இருந்து அதில் பிழை என்று போட்டிருந்தால் பெரும்பாலும் சீக்ரெட் கீ தவறு.

'பெய்டு' ஆகியும் ஆர்டர் 'பெண்டிங்'கில் தொங்கினால் அந்த பிளானின் மாட்யூல் அமைப்பைத் திறந்து பாருங்கள். முதல் பணம் வந்ததும் தானாக உருவாக்கு என்று இருக்கிறதா, நீ ஏற்றுக்கொண்ட பிறகுதான் என்று இருக்கிறதா? பழைய பிளானை காப்பி எடுத்துப் புதுசு போடும்போது இது ஒட்டிக்கொண்டே வந்துவிடும், பழுது என்று தேடினால் பழுதே இருக்காது.

அதுவும் சரியாக இருந்தால் மாட்யூல் க்யூவுக்குப் போங்கள். தோற்றுப்போன வேலைகள் அங்கே வரிசையாக நிற்கும், பக்கத்தில் பேனல் சொன்ன காரணமும் இருக்கும். 'டைம்டு அவுட்' என்றால் வழி அடைபட்டிருக்கிறது: சிபேனல் சர்வருக்கு 2087, பிராக்ஸ்மாக்ஸுக்கு 8006, விர்ச்சுவலைசருக்கு 4085, பிளெஸ்குக்கு 8443 என்று எந்த போர்ட்டோ அது திறந்திருக்கிறதா என்று கர்ல் போட்டுப் பாருங்கள். ஆனால் பில்லிங் ஓடுகிற சர்வரிலிருந்து போட வேண்டும். உங்கள் லேப்டாப்பில் பேனல் அழகாகத் திறக்கிறது என்பது ஒரு சாட்சியே இல்லை, ஏனென்றால் பேனலோடு பேச வேண்டியது உங்கள் லேப்டாப் அல்ல. 401, 403 என்று வந்தால் பில்லிங் பேனலுக்குள் நுழையக் காட்டுகிற சாவியான டோக்கனில் கோளாறு. பிராக்ஸ்மாக்ஸில் இதில் ஒரு குழி உண்டு. ரூட்டின் பெயரிலேயே டோக்கன் எடுத்திருந்தாலும் 'பிரிவிலேஜ் செபரேஷன்' டிக் ஆகியிருந்தால் அந்த டோக்கனுக்குத் தனியாக உரிமை கொடுக்கும் வரை அதற்கு ஒன்றும் தெரியாது, வெறும் கையோடு நிற்கும். காரணம் தெளிவாக இல்லாவிட்டால் மாட்யூல் லாகை ஆன் பண்ணி ஒரே ஒரு முறை ஓடவிட்டுப் படியுங்கள், படித்ததும் ஆஃப் பண்ணிவிடுங்கள், போகிற வருகிற விவரமெல்லாம் அதில் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது என் கதை. ஒரு மாலை புது ஆர்டர், 'கிரியேட்' அழுத்தினேன், ஒரு நிமிடம் சுற்றிவிட்டு டைம்அவுட். மறுபடி அழுத்தினேன். மூன்றாவது தடவையும் அழுத்தினேன், காபி ஆறிக்கொண்டிருந்தது, பொறுமை இல்லை. பின்னால் என்ன நடந்ததென்றால் டெம்ப்ளேட்டை குளோன் எடுக்கிற வேலை ஒவ்வொரு தடவையும் தொடங்கிவிட்டது, காத்திருந்த மாட்யூல்தான் பொறுமை இழந்து கைவிட்டதே தவிர பிராக்ஸ்மாக்ஸ் கைவிடவில்லை. பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மூன்று சர்வர், மூன்றிலும் ஒரே ஐபி. வாடிக்கையாளர் லாகின் பண்ணுவார், ஃபைல் ஏற்றுவார், திரும்ப வந்தால் ஃபைல் இருக்காது, ஏனென்றால் இந்தத் தடவை கதவைத் திறந்தது வேறு சர்வர். பேய் வீடு மாதிரி இருந்தது. இவற்றைத் தாங்குகிற ஹோஸ்ட் இயந்திரத்திலிருந்து, அந்த ஐபி யாரிடம் இருக்கிறது என்று கேட்கிற ஆர்பிங் போட்டபோது மாறி மாறி வெவ்வேறு மேக் முகவரியிலிருந்து (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) பதில் வந்ததில்தான் பிடிபட்டது. அதற்குப் பிறகு டைம்அவுட் என்றால் முதலில் ஹைப்பர்வைசரின் டாஸ்க் பட்டியலைத் திறந்து ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் அந்தப் பட்டன் பக்கம் விரலை வைப்பதில்லை.

"பணம் கட்டியும் ராத்திரி சைட்டை நிறுத்திட்டீங்க"

கானாடுகாத்தான் ஹோட்டல்காரர் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இப்படித்தான் கூப்பிட்டார், வாரக்கடைசி புக்கிங் நேரம் வேறு. அவர் யுபிஐயில் நேராக என் கணக்குக்கு அனுப்பிவிட்டு ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். நான் பார்த்தேன், 'நன்றி அண்ணே' என்று பதிலும் போட்டேன், இன்வாய்ஸில் வரவு வைக்க மறந்துவிட்டேன். சாஃப்ட்வேருக்கு வாட்ஸ்அப் தெரியாது. வரவு வைத்ததும் அன்சஸ்பெண்ட் தானாக ஓட வேண்டும், ஓடாவிட்டால் கையால் ஓட்டுங்கள். இப்படிக் கையில் பணம் தருகிற ஆட்களுக்கு அந்த சர்வீஸின் பக்கத்திலேயே இந்தத் தேதி வரை நிறுத்தாதே என்று ஒரு விலக்கு இருக்கிறது, அதில் ஒரு வாரம் தள்ளிப் போட்டு வைத்துவிடுங்கள்.

கார்டில் தானாக எடுக்கிற ஏற்பாடு வைத்திருப்பவர்கள் 2021 அக்டோபர் 1-க்குப் பிறகு ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதிக்குள் வருகிறார்கள். ஓடிபி இல்லாமல் எடுக்கக்கூடிய வரம்பு முதலில் 5,000 ரூபாய், 2022 ஜூனில் 15,000 ஆக்கினார்கள். வருடச் சந்தா அதைத் தாண்டினால் ஓடிபி கேட்கும், வாடிக்கையாளர் கவனிக்கமாட்டார், நமக்கு 'டிக்ளைன்டு' என்று மட்டும் வரும். இது உங்கள் சர்வர் கோளாறு இல்லை, மாதச் சந்தாவாக மாற்றிக்கொடுத்தாலே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும்.

யாருமே கூப்பிடவில்லை

இதையும் ஒரு நோய்க்குறியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பில்லிங்கின் க்ரான், அதாவது நேரம் பார்த்துத் தானாக ஓடுகிற வேலை, 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். இன்வாய்ஸ் போடுவது, நினைவூட்டுவது, நிறுத்துவது எல்லாம் அதன் தினசரி ஓட்டத்தில்தான். அது நின்றுபோனால் சத்தமே வராது, யாரும் புகாரும் சொல்லமாட்டார்கள், பில் வரவில்லை என்று யார் கூப்பிடுவார்கள்? எனக்கு நான்கு நாள் இப்படி ஓடியது. காரணம் பிஹெச்பியைப் புதுப் பதிப்புக்கு ஏற்றியது. பிரவுசரில் சைட்டை ஓட்டுகிற பிஹெச்பி வேறு, க்ரான் கூப்பிடுகிற கமாண்ட்லைன் பிஹெச்பி வேறு. முதலாவதில் அயன்கியூப் லோடர் போட்டிருந்தேன், இரண்டாவதில் போடவில்லை. இந்த பில்லிங் மென்பொருளின் ஃபைல்கள் அயன்கியூபால் பூட்டப்பட்டவை, லோடர் இல்லாமல் ஒரு வரிகூட நகராது. சந்தேகமாக இருந்தால் க்ரான் வரியை அப்படியே காப்பி எடுத்து டெர்மினலில் போட்டு ஓட்டுங்கள், பிழை கண்ணெதிரே விழும். ஆட்டோமேஷன் ஸ்டேட்டஸ் பக்கத்தில் கடைசியாக ஓடிய நேரம் தெரியும், காலையில் பல் விளக்கியதும் நான் பார்க்கிற முதல் பக்கம் அதுதான்.

பேனல் திறக்கவே இல்லை

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் திறந்து பாருங்கள். அதில் திறந்தால் சர்வருக்கு ஒன்றுமில்லை, உங்கள் ஆபீஸ் ஐபியைத்தான் அது தடுத்திருக்கிறது. சிபேனலில் சிஎஸ்எஃப் ஃபயர்வால் இருந்தால் சிஎஸ்எஃப் மைனஸ் ஜி என்று போட்டுப் பக்கத்தில் ஐபியைக் கொடுங்கள், எந்த விதியில் மாட்டியது என்று சொல்லும். மைனஸ் டிஆர் போட்டால் விடுவிக்கும். தவறான பாஸ்வேர்டு போடுகிறவர்களைத் தடுக்கிற சிபிஹல்க் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கும், அதையும் பாருங்கள். பழைய பாஸ்வேர்டோடு ஏதோ ஒரு போனில் மெயில் ஆப் விடாமல் முட்டிக்கொண்டிருக்கும், குற்றவாளி பெரும்பாலும் அதுதான்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற நாளில் காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம்தான், யுபிஎஸ் தாங்காது, ரூட்டர் அணைந்து எழும்போது புது ஐபியோடு எழும். நானோ அட்மின் போர்ட்டைப் பழைய ஐபிக்கு மட்டும் திறந்து வைத்திருந்தேன். என் வீட்டுக்கே சாவி இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்த கதை. டேட்டா சென்டரின் கன்சோல் வழியாக உள்ளே போய்ச் சரிசெய்தேன், இப்போது ஒரு சின்ன வயர்கார்டு விபிஎன் வழியாகத்தான் அட்மின் பக்கம் போகிறேன், வீட்டு ஐபி என்னவாக மாறினாலும் கவலையில்லை.

எங்கிருந்து பார்த்தாலும் திறக்கவில்லை, ஆனால் உள்ளே ஓடுகிற சைட்டுகள் நன்றாக இருக்கின்றன என்றால் பேனல் சர்வீஸ் மட்டும் விழுந்திருக்கிறது. பிராக்ஸ்மாக்ஸில் பேனல் பக்கத்தைத் தருகிற பிவிஇபிராக்ஸியை ரீஸ்டார்ட் பண்ணலாம், ஓடுகிற சர்வர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பக்கம் திறக்கிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை என்றால் ஹோஸ்டின் ரூட் டிஸ்க் நிரம்பியிருக்கிறதா, கடிகாரம் தப்பியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு அடுக்கு ஓடிபி கோட் நேரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது, சில நிமிடம் பிசகினாலே ஏற்காது. கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கிற குரோனியை ஓடவிட்டால் போதும்.

சர்வர் ஆன் ஆகிறது, நெட் இல்லை

தூரத்திலிருந்து லாகின் பண்ணுகிற எஸ்எஸ்ஹெச் வராது என்பதால் பேனலின் கன்சோலில் உள்ளே போங்கள். ஐபி விழுந்திருக்கிறதா, நெட்வொர்க் கேட்வேக்கு (பணம் வாங்குகிற கேட்வே இல்லை, வெளியே போகிற வாசல்) பிங் போகிறதா, வெளி ஐபிக்குப் போகிறதா, பெயருக்குப் போகிறதா, இந்த வரிசையில். வெளி ஐபிக்குப் போய் பெயருக்குப் போகாவிட்டால் டிஎன்எஸ், அதைச் சரிசெய்து முடித்துக்கொள்ளுங்கள். கேட்வேக்கே போகவில்லையென்றால் இரண்டு சந்தேகம்: ஹோஸ்டுக்குள் சுவிட்ச் போல இருக்கிற எந்த பிரிட்ஜில் மாட்டியிருக்கிறீர்கள், எந்த மேக் கொடுத்திருக்கிறீர்கள். சில டேட்டா சென்டர்களில் கூடுதல் ஐபிக்கென்று அவர்கள் கொடுக்கிற மேக் முகவரியைத்தான் போட வேண்டும், பேனல் தானாகப் போட்ட மேக்கோடு பாக்கெட் போனால் சுவிட்ச் கண்டுகொள்ளாது.

ஐபியைத் தானாகக் கொடுக்கிற டிஹெச்சிபி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேஷ வியாதி: புதிதாக எடுத்த இரண்டு உபுண்டு குளோனும் ஒரே ஐபியை வாங்கிக்கொண்டு அடித்துக்கொள்ளும். மேக் வேறு வேறாகத்தான் இருக்கும், ஆனால் டெம்ப்ளேட்டிலேயே மெஷின்ஐடி ஃபைல் நிரம்பியிருந்திருக்கும், டிஹெச்சிபி அடையாளம் அதிலிருந்து போகிறது. டெம்ப்ளேட்டில் அந்த ஃபைலைக் காலி பண்ணிவிட்டு மறுபடி குளோன் எடுங்கள். ஃபைலையே அழிக்க வேண்டாம், வெறுமையாக இருந்தால் போதும்.

எல்லா சர்வரும் ஒரே நேரத்தில் உறைந்துவிட்டன

இதுதான் வயிற்றைக் கலக்குவது. பிங் இல்லை, பேனலில் ஒவ்வொரு சர்வர் பக்கத்திலும் மஞ்சள் முக்கோணம், நிலை என்ற இடத்தில் 'ஐஓ எரர்'. கை தானாக ரீசெட் பட்டனுக்குப் போகும். போகவிடாதீர்கள்.

நடந்தது என்னவென்றால் எல்லா சர்வரின் டிஸ்கும் பங்கு போட்டுக்கொள்கிற தின்பூல் நிரம்பிவிட்டது. தின் என்றால் கையில் 1 டிபி இருக்கும்போது ஆளுக்கு 100 ஜிபி என்று 20 பேருக்குச் சொல்லிவைப்பது. 800 பேருக்குக் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு 500 இலைக்குச் சமைக்கிற மாதிரி, எல்லாரும் முதல் பந்திக்கே வராத வரை மானம் தப்பும். ஒருநாள் வந்துவிடுவார்கள். எழுத இடமில்லை என்றதும் சர்வர்களை ஓட்டுகிற க்யூஇமு ஒவ்வொரு சர்வரையும் அந்த நொடியில் அப்படியே நிறுத்தி வைக்கிறது, பாதி எழுதிய விஷயம் இன்னும் அதன் நினைவகத்தில் இருக்கிறது. ரீசெட் அடித்தால் அது போய்விடும், டேட்டாபேஸ் வைத்திருக்கிறவர் அழுவார்.

எல்விஎஸ் என்று மட்டும் தட்டுங்கள். டேட்டா சதவீதம், மெட்டா சதவீதம் என்று இரண்டு பத்தி வரும், ஏதோ ஒன்று 100-ஐத் தொட்டு நிற்கும். பூல் உட்கார்ந்திருக்கிற வால்யூம் குரூப்பில் (டிஸ்க் இடத்தின் மொத்தக் கூட்டு) மிச்ச இடம் இருந்தால் எல்விஎக்ஸ்டெண்டால் பூலை நீட்டுங்கள், இல்லையென்றால் பழைய ஸ்னாப்ஷாட், யாருக்கும் வேண்டாத டெம்ப்ளேட், போன வருடம் போய்விட்ட வாடிக்கையாளரின் அணைத்து வைத்த சர்வர் என்று எதையாவது பார்த்து நீக்குங்கள். இடம் கிடைத்ததும் ஒவ்வொன்றாக க்யூஎம் ரெஸ்யூம். நின்ற இடத்திலிருந்து ஒன்றுமே நடக்காதது போல ஓட ஆரம்பிக்கும், முதல் தடவை பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கியது, பொய்யில்லை. ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் எழுப்பாதீர்கள், முட்டி மோதி மறுபடி நிரம்பும்.

பிறகு நிதானமாக: ஒவ்வொரு சர்வரின் டிஸ்கிலும் 'டிஸ்கார்டு' ஆன் பண்ணிவிட்டு அந்த சர்வரை ஒருமுறை முழுசாக அணைத்து எழுப்புங்கள், அழித்த இடத்தைப் பூலுக்குத் திருப்பிச் சொல்ல உள்ளே எஃப்எஸ்ட்ரிம் ஓடவிடுங்கள். இது இல்லாவிட்டால் உள்ளே 40 ஜிபி அழித்தாலும் பூலுக்குத் தெரியவே தெரியாது. எல்விஎம் அமைப்பில் பூல் தானாக நீளும் வசதி உண்டு, ஆனால் அதன் இயல்பான அளவு 100, அதாவது அணைந்தே இருக்கிறது. 80 என்று மாற்றினால்தான் வேலை செய்யும், அதுவும் குரூப்பில் மிச்சம் வைத்திருந்தால்.

இடம் இருக்கிறது, எழுத மாட்டேன் என்கிறது

டிஎஃப் மைனஸ் ஹெச் போட்டால் 60 சதவீதம்தான் காட்டும். டிஎஃப் மைனஸ் ஐ போடுங்கள், ஐநோடு தீர்ந்திருக்கும், அதாவது இத்தனை ஃபைல்தான் வைக்கலாம் என்ற எண்ணிக்கை முடிந்திருக்கும். பலகாரக் கடை சைட்டில் துப்புரவு இல்லாத பிஹெச்பி செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் குவிந்திருந்தன. ஆர்எம் போட்டால் பட்டியல் நீளம் தாங்காமல் திணறும், ஃபைண்டில் டிலீட் போட்டு அழியுங்கள். எதிர்ப்பக்கக் கதையும் உண்டு, பெரிய லாகை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால் அதை ஏதோ ஒரு சர்வீஸ் இன்னும் கையில் பிடித்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல் 1 யார் என்று காட்டும்.

மெதுவாக ஓடுகிறது, அவ்வப்போது டேட்டாபேஸ் செத்துப்போகிறது

டாப் திறந்து எஸ்டி என்ற எண்ணைப் பாருங்கள், சர்வர் கேட்டும் ஹோஸ்ட் கொடுக்காத சிபியு நேரம் அது. அது இரட்டை இலக்கத்தில் நின்றால் ஹோஸ்டில் கூட்டம் அதிகம், சர்வருக்குள் நீங்கள் என்ன செய்தாலும் பயனில்லை, ஹோஸ்ட் மாற்ற வேண்டும். டிஸ்குக்காகக் காத்திருக்கிற நேரமான டபிள்யூஏ ஏறியிருந்தால் டிஸ்க் திணறுகிறது, பெரும்பாலும் பேக்கப் நேரமாக இருக்கும். மைஎஸ்க்யூஎல் செத்துச் செத்து எழுந்தால் டிமெசேஜில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடுங்கள். 1 ஜிபி நினைவகம் உள்ள சர்வரில், டேட்டாபேஸ் தனக்கென்று பிடித்துக்கொள்கிற நினைவகமான பஃபர் பூலை 1 ஜிபியாக வைத்திருக்கிற புண்ணியவான்களை நான் பார்த்திருக்கிறேன்.

பூட்டுச் சின்னம் போய்விட்டது

லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாள்தான் தாங்கும், அதற்குள் பேனல் புதுப்பித்திருக்க வேண்டும். போர்ட் 80 வழியாகச் சோதிக்கிறவர்கள் அந்த போர்ட்டைப் பூட்டிவிட்டால் புதுப்பிக்காது. டொமைனின் ஏ ரெக்கார்டு (ஐபிவி4 முகவரி) சரியாக இருந்தும் தோற்றால் பழைய சர்வரைக் காட்டுகிற ஏஏஏஏ ரெக்கார்டு (ஐபிவி6 முகவரி) ஒன்று மறந்துபோய்க் கிடக்கும், சோதனை அந்த ஐபிவி6 வழியில் போய் வேறு சர்வரில் நிற்கும். காரணத்தைப் பார்க்காமல் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு 5 தோல்வி என்ற வரம்பில் மாட்டுவீர்கள்.

'லாக்டு' என்கிறது, எதையும் மாற்ற விடவில்லை

ஒரு சர்வர் மட்டும் 'லாக்: பேக்கப்' என்று நின்றால் பாதியில் செத்த பேக்கப் விட்டுப்போன பூட்டு. டாஸ்க் பட்டியலில் பேக்கப் உண்மையிலேயே ஓடவில்லை என்று பார்த்துவிட்டு க்யூஎம் அன்லாக் போடுங்கள், பார்க்காமல் போடாதீர்கள். எந்த சர்வரையும் மாற்ற முடியவில்லை, ஓடுகிறவை ஓடுகின்றன என்றால் குவோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான ஓட்டு மெஜாரிட்டி, போயிருக்கிறது. இரண்டே நோடு (ஹோஸ்ட் இயந்திரம்) சேர்த்துக் கட்டிய கிளஸ்டரில் ஒன்று விழுந்தால் மிஞ்சியதற்கு மெஜாரிட்டி கிடையாது, அமைப்பு ஃபைல்கள் இருக்கிற இடம் படிக்க மட்டும் என்று ஆகிவிடும். விழுந்த நோடு நிஜமாகவே அணைந்திருக்கிறது, நெட்வொர்க் மட்டும் அறுந்து அந்தப் பக்கம் தனியாக ஓடிக்கொண்டிருக்கவில்லை என்று டேட்டா சென்டருக்குப் போன் போட்டு உறுதிசெய்துகொண்டு, அப்புறம் ஒரு ஓட்டே போதும் என்று சொல்கிற பிவிசிஎம் எக்ஸ்பெக்டட் 1 என்று போடுங்கள். எழுத விடும். விழுந்த நோடு திரும்பி வந்ததும் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கின்றனவா என்று பிவிசிஎம் ஸ்டேட்டஸில் பார்த்துவிட்டு, குவோரத்துக்கு மூன்றாவது ஓட்டாக க்யூடிவைஸ் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள், ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி போதும்.